பால் பவுடர் இனிக்காது

அன்புள்ள ஈர்க்குச்சிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கிய இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் இந்தத் தாளில் நலம் விசாரிப்பைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த இடம் வரும்போது ஏன் என்று உனக்கே புரியும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கத்த ஆரம்பிப்பேன், நீ அழ ஆரம்பிப்பாய், கடைசியில் நான்தான் உன்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைப்பேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து இதுதானே நம் வழக்கம். இந்த ஒரு தடவையாவது நடுவில் உன் அழுகை வராமல் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டும் பிரித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சர்க்கரை ஒரு மாதிரி கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி கேக் வாங்கி வைத்துக்கொள்கிறார். போன வாரம் தலையணைக்கு அடியில் கேக் சுற்றிய காகிதம் அகப்பட்டது. என்ன இது என்று கேட்டால், "ஒண்ணு மிச்சம் இருக்கு, நீயும் சாப்பிடுறியாடி" என்கிறார். அவரிடம் யாரால் கோபப்பட முடியும். என் வீட்டுக்காரருக்குப் பஸ் டிப்போவில் வேலை கூடிவிட்டது. எஞ்சினுக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு பிடித்துக்கொள்கிறது. மற்றபடி அவர் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ என் அறையைப் பார்த்ததில்லை. வெளிநோயாளிகள் பகுதியில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு மேஜை, எடை மெஷின், உயரம் அளக்கும் கோல், அலமாரி நிறைய ரப்பர் சாப்பாடு. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அளவு காட்டுவதற்காக ரப்பர் முட்டை, ரப்பர் ரொட்டி, கிண்ணத்தில் ரப்பர் சோறு. வருகிறவர்கள் யாரும் அந்த முட்டையை ஒரு தடவை அமுக்கிப் பார்க்காமல் எழுந்து போனதில்லை. இத்தனை வருஷமாக உணவு ஆலோசகர் என்று அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் என்று எல்லாரும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்வார்கள்.

அங்கே வருகிறவர்களில் ஒரு தையல்கார அம்மா உண்டு. மாதாமாதம் வருவார். நம் தொழிலில் உனக்குத் தெரியாததா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எல்லாரும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்வார்கள். இந்த அம்மா மட்டும் ஒன்று விடாமல் கொட்டிவிடுவார். ஒரு நாள் அவரே காரணம் சொன்னார்: "முன்னாடி வேற ஆஸ்பத்திரியில ஒல்லியா ஒரு மேடம் இருந்தாங்க. அவங்ககிட்ட பாதிதான் சொல்வேன். உங்ககிட்ட சொல்றதுக்கு வெட்கமா இல்ல." அதைக் கேட்டு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது, நான் வாங்கிய பட்டத்தை விட அது பெரிதாகத் தெரிந்தது.

அந்த அம்மாதான் இரண்டு மாதத்துக்கு முன்னால் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "மேடம், இவங்களைப் பாருங்க. உங்க படிப்புதானாம். உங்களை மாதிரியே குண்டாத்தான் இருந்தாங்களாம். இப்ப எப்படி இருக்காங்க பாருங்க." எனக்குத் தெம்பு சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம். வீடியோவில், எடை குறைப்பது பற்றிப் பேச மேடையில் நீ நின்றுகொண்டிருந்தாய். முடியை வெட்டிக்கொண்டிருக்கிறாய். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஆகா, என் ஈர்க்குச்சி எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

பிறகு நீ பேச ஆரம்பித்தாய். செய்முறை வகுப்பில் பேராசிரியர் உன்னை முன்னால் அழைத்து, தோல் மடிப்பை அளக்கும் இடுக்கியால் உன் கையைப் பிடித்தாராம். "இதுக்கு வேற கருவிதான் வாங்கணும். நாளைக்கு நீ போய் யாருக்குப் புத்தி சொல்லப் போறே" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். நீ நேராகப் பயிற்சி ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்து ஸ்டோர் ரூமுக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நோயாளிகளுக்கு வைத்திருந்த பால் பவுடரைக் கை கையாக அள்ளித் தின்றாயாம். ஸ்டோர்காரர் வந்து உள்ளே யார் என்று கேட்டபோது வாய் ஒட்டிக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லையாம். சபையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்கார அம்மாவும் துடைத்துக்கொண்டார். நான் கையில் ரப்பர் முட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாய் கூசவில்லையா உனக்கு?

அந்த வகுப்பில் அளவு எடுக்க எப்போதும் இரண்டு பேரை முன்னால் நிறுத்துவார்கள். ஒல்லிக்கு உதாரணம் நீ, குண்டுக்கு உதாரணம் நான். ஈர்க்குச்சி, பூசணி என்று நமக்குப் பெயர் வைத்ததே அந்த வகுப்புதான். உன்னைக் கூப்பிட்டால் பொறாமைப் பார்வை, என்னைக் கூப்பிட்டால் சிரிப்பு. அந்த இடுக்கி பிடித்தது என் கையை. அந்த ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தது நான். ஒரே ஒரு இடத்தில் நீ அகப்பட்டுக்கொண்டாய், தெரியுமா? "அந்த இனிப்பு இன்னும் என் நாக்குல இருக்கு" என்று சொன்னாய். அது குழாய் வழியாக உணவு கொடுக்கிற நோயாளிகளுக்கு வைத்திருந்த பவுடர். சர்க்கரை போடாதது. சுண்ணாம்பைத் தின்றது போல வறவறவென்று இருக்கும். தின்றவளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஸ்டோர்காரர் பூனை என்று நினைத்து வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டு வேளை வரைக்கும் நான் உள்ளேயே கிடந்தேன். அப்போது என்னைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு அறையாக வந்தவள் நீ. அளவுக் கரண்டியை உள்ளே வைத்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொல்லிச் சாவி வாங்கிக் கதவைத் திறந்தவள் நீ. என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த வெள்ளையை உன் கைக்குட்டையை நனைத்து நீதான் துடைத்துவிட்டாய். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியமா" என்றாய். நான் கேட்காமலே சத்தியம் செய்தாய். மேடையில் நீ சொன்ன கதையில் கதவைத் திறக்க யாரும் வரவில்லை. நீயே தள்ளித் திறந்துகொண்டு, இனி இப்படி வாழமாட்டேன் என்று முடிவெடுத்து வெளியே நடந்தாயாம். உன் வாழ்க்கையிலேயே நீ செய்த நல்ல காரியம் ஒன்று இருந்தது. என் கதையைத் திருடும் அவசரத்தில் அதையும் வெட்டி எறிந்துவிட்டாய்.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே, "கதையை எடுத்துட்டுப் போனவ கூடவே ஒரு பத்துக் கிலோவையும் எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல" என்றார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அதே வீடியோவைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். எதிர்வீட்டுப் பெண் காட்டியிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் பொண்ணு எப்படி குண்டா இருந்தா? நான் பெத்தவ, எனக்குத் தெரியாமலா?" என்று கேட்டார். உன் குட்டை உடைக்க அதை விட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலேஜில் கொஞ்ச நாள் உடம்பு போட்டிருந்தாள், நீங்கள் பார்ப்பதற்குள் இளைத்துவிட்டாள் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரிதான்" என்றார். என்னிடம் திருடிய பொருளுக்கு நானே போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். என்னைப் போல ஒரு மடச்சி உலகத்தில் இருப்பாளா?

அது வரைக்கும் கூட நான் உன்னை விட்டிருப்பேன். சரி, பிழைப்புக்காக ஒரு கதை சொன்னாள், போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் உடல் எடைக்கென்று தனிப் பிரிவு திறக்கிறார்கள். அடுத்த கட்டிடத்தில் கண்ணாடிக் கதவு, புதுப் பெயின்ட், நல்ல வெளிச்சம். பொறுப்பு எனக்குத்தான் என்று வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அசட்டுத்தனமாக ரப்பர் சாப்பாட்டை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். போன வாரம் பெரிய டாக்டர் அழைத்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேலையில கெட்டி, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா அந்த நாற்காலியில உட்கார்ற ஆளைப் பார்த்ததும் ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும்ல" என்றார். அவர் தொப்பை மேஜை விளிம்பை இடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எந்த நோயாளியும் அவர் எழுதிக்கொடுக்கிற நெஞ்சுவலி மாத்திரையை வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் அந்தத் தொப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும் போல. தன் பேச்சுக்குத் துணை தேடினார். "இது நான் மட்டும் சொல்லல. திறப்பு விழாவுக்குக் கூப்பிட உங்க ஃப்ரெண்டுகிட்ட பேசினேன். உங்க பேரைச் சொல்லியே யோசனை கேட்டேன். தன்னையே மாத்திக்க முடியாதவங்க சொன்னா ஜனங்ககிட்ட எடுபடாதுன்னு அவங்களே சொன்னாங்க" என்றார்.

என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நீ அப்படிச் சொல்லியிருக்கிறாய். என்னை நோயாளிகள் பக்கமே வராமல் சமையல்கூட மேற்பார்வைக்கு மாற்றப்போகிறார்களாம். ட்ராலியை எண்ணி வார்டுக்கு அனுப்பினால் போதுமாம். உட்காரும் இடம் எது தெரியுமா? ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறை. அன்றைக்கு அப்படி ஒரு ஸ்டோர் ரூமிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவளே இன்றைக்கு மறுபடியும் கொண்டுபோய் அடைத்துவிட்டாள்.

கூட இருந்தவர்கள்தான் குழி பறிப்பார்கள் என்று சொன்னால் நான் நம்பியதில்லை. யாராவது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போயிருக்கிறேன். சொல், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? நம் தொழிலில் இருக்கிறவர்கள் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று ஊருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியாதா? எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றபோது கேக் வெட்டினார்கள். எங்கள் துறைப் பெண்கள் ஆளுக்கொரு துண்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றோம். அடுத்தவள் வாயில் போடுகிறாளா என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டிக்குப் போயின. விருந்து வீட்டில் என் தட்டைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். அதனால் அங்கே கொறித்துவிட்டு வந்து, வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். எனக்குத் தெரியாத கலோரிக் கணக்கு இல்லை. கணக்கு தெரிந்தவளுக்குப் பசியும் அவமானமும் வராது என்று யார் சொன்னது?

அந்த வகையில் நீயும் நானும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். நான் தின்று தீர்த்தேன், நீ தின்னாமல் தீர்த்தாய். வகுப்பில் உன் எடை கீழே போய்விடக்கூடாது என்று நீ கோட் பையில் எடைக்கல் போட்டுக்கொண்டு மெஷின் மேல் ஏறுவாய். நாம் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நேராகக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டு வருவாய். நான் கதவுக்கு வெளியே துணி அலசுகிற மாதிரி நின்று, வருகிறவர்களை அடுத்த குளியலறைக்கு அனுப்புவேன். வாயைத் திறக்கக் கூடாது என்றாய். இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை, உன் அம்மாவிடம் கூட. அதைத்தான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என் கதையை எடுத்துக்கொண்டு மேடை ஏறியதன் காரணம் எனக்கு இப்போது தெரிகிறது. உன் கதையை நீ சொல்ல முடியாது. சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

நேற்று நீ அனுப்பிய செய்தி வந்தது. விழாவில் உன்னை நான்தான் அறிமுகப்படுத்த வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "ரெண்டு வரி போதும்டீ. காலேஜ் கதையெல்லாம் வேண்டாம், ப்ளீஸ்" என்று எழுதியிருக்கிறாய். ப்ளீஸுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு முகம். பயந்துபோய் இருக்கிறாய், தெரிகிறது. அந்த மைக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேனோ என்று உனக்குத் தூக்கம் வந்திருக்காது.

நிம்மதியாகத் தூங்கு. குளியலறைக் குழாய்ச் சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அது உன்னுடையது. ஆனால் என்னுடையதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, இடுக்கி பிடித்தது என் கையை, பால் பவுடர் தின்றது நான், என்னைத் தேடி வந்து கதவைத் திறந்தது இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற என் தோழி என்று சொல்லப் போகிறேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். நான் இன்னும் இளைக்கவில்லை என்பதையும் சொல்லுவேன். தையல்கார அம்மாவை முன் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு பெரிய டாக்டர் என்னை எங்கே தூக்கிப் போட்டாலும் போடட்டும். உன் சிபாரிசுக்காக நான் இதை எழுதவில்லை. நான் பேசி முடித்ததும் மைக் உன் கைக்கு வரும். அப்போது நீ என்ன சொல்வாய் என்று உன்னைப் போலவே எனக்கும் தெரியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அதற்கு இன்னும் நாள் ஆகும், ஒருவேளை ஆகாமலும் போகலாம். ஆனால் அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோபத்தில் பார்க்க ஆரம்பித்தவள், பிறகு உன் மணிக்கட்டைப் பார்த்தேன். வாட்ச் பட்டையைக் கடைசித் துளை வரைக்கும் இழுத்துக் கட்டியும் கழன்று கழன்று விழுந்துகொண்டிருக்கிறது. விரல் முட்டியில், தொண்டைக்குள் விட்டு விட்டுப் பல் பட்ட அந்தப் பழைய தழும்பு இன்னும் இருக்கிறது. கைதட்டுகிறவர்கள் அதைப் பார்க்கமாட்டார்கள். நான் பார்ப்பேன். அப்போதே அந்தக் குளியலறைக் கதவைத் தட்டியிருக்கலாமோ என்னவோ. இனி கதவுக்கு வெளியே நான் காவல் நிற்கமாட்டேன்.

இப்போது ஒதுக்கி வைத்திருந்த நலம் விசாரிப்பு. என் நாற்காலிக்கு எதிரே உட்காரும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பதை உன்னிடமும் கேட்கிறேன். பதிலை உன் கையால் எழுதி அனுப்பு. விழாவுக்கு வர விமானம் ஏறுவதற்கு முன்னால் அனுப்பு.

நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் என்ன சாப்பிட்டாய்? எதையும் விடாமல் சொல். இங்கே யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள்.

இப்படிக்கு,
பூசணி